பயன்பாட்டில் உள்ளது

தம்பி, கதவைத் தட்டாதீங்க. நாஞ் சொல்றதச் சித்தக் கேளுங்க. தட்டுனா அது தொறக்காதுங்க, இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கும். யாரோ ஒடைக்கறாங்கன்னு நெனைச்சுக்கும் அது. கம்முனு இருங்க. கம்முனுன்னா ஆடாம அசையாம இருக்கச் சொல்லலீங்க, கையை மட்டும் ஆட்டிக்கிட்டே இருக்கோணும். மேல லைட்டுக்குப் பக்கத்துல ஒரு கண்ணு இருக்குது பாருங்க. அசைவு தெரிஞ்சாத்தான் உள்ள ஆள் இருக்குதுன்னு அதுக்குப் புரியும். அசைவு இல்லீன்னா ஆள் போயாச்சுன்னு முடிவு பண்ணி, லைட்டை அணைச்சுப்போட்டுக் கழுவ ஆரம்பிச்சுரும். நாலாப் பக்கமும் தண்ணி அடிக்கும். சாவு வீட்டுக்குப் போறவரு, போறதுக்கு முந்தியே தலை முழுகிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?

கழுவி முடிச்சா கதவு தொறக்குமான்னு கேக்கறீங்களா? தொறக்காதுங்க. கழுவறதுக்கு வேற மூளை, கதவுக்கு வேற மூளை. ரெண்டும் பேசிக்கறதில்லை.

உங்க மாலை பத்திரமா இருக்குது, அதைப் பத்திக் கவலையே படாதீங்க. இந்தக் கையிலதான் மாட்டிக்கிட்டு நிக்கறேன். நீங்க குடுத்தப்பவே சொன்னீங்கல்ல, கீழ வெச்சுராதீங்கன்னு. வெக்க மாட்டனுங்க. நல்ல ரோசாப்பூ மாலை, கனமாத்தான் இருக்குது. கக்கூசுக்குள்ள மாலையோட போகக் கூடாதுன்னு எங்கிட்டக் குடுத்துட்டுப் போனீங்க பாருங்க, அந்த மொறை தெரிஞ்ச மனுசன் நீங்க. மத்தவங்களாட்டம் கன்னாபின்னான்னு கத்தாதீங்க.

செல்லுல சிக்னல் கெடைக்காதுங்க. சுத்திலும் இரும்புத் தகடு. வீணா அமுத்திக்கிட்டு இருக்காதீங்க.

நான் நாச்சிமுத்துங்க. இங்க எல்லாம் நாந்தான். எல்லாம்னா, கணக்குப்படி இங்க யாருமே இல்லை. போர்டுலயே எழுதியிருக்குதே, பாத்தீங்களா? ஆளில்லா நவீன தானியங்கிக் கழிப்பறைன்னு. ஆளில்லாத கக்கூசுக்கு ஆள் போட சட்டத்துல எடமில்லையாமா. அதனால என்னையப் பூங்கா காவலாளின்னு கணக்குல வெச்சிருக்காங்க. தற்காலிகப் பூங்கா காவலாளி. நம்ம ஊர்ல பூங்கா கெடையாதுங்க. அது இருந்திருந்தா அங்க உக்காந்திருப்பேன், செடி கொடியாச்சும் பேசாம இருக்கும்.

அப்பாங்களா தவறுனது? அடடா. வயசு நெம்ப இருக்குமா? ஓ, அப்படீங்களா. வேலாங்காட்டுப்புதூர்தான சொந்த ஊரு? தெரியுமுங்க, ஏரிக்கு அக்கட்ட. எப்ப எடுக்கறாங்க? வெயில் தாழறதுக்குள்ள எடுத்துருவாங்களா? அப்ப இந்த மத்தியானத்து பஸ்ஸை விட்டா உங்களுக்கு வேற பஸ்ஸே இல்லை. அடுத்தது சாயங்காலந்தான். நீங்க மூத்தவரா? அப்பக் கொள்ளி நீங்கதான வெக்கோணும்.

என்னது, தம்பிக்காரன் வெச்சுருவானா? அது எப்படீங்க, மூத்தவன் நீங்க இருக்கறப்ப? பேச்சுவார்த்தை இல்லையா? ஓகோ. காட்டுத் தகராறா? எல்லா வீட்லயும் இருக்கறதுதான். நீங்க வரலைன்னா அவனுக்கு நல்லதாப் போச்சு, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான், 'அப்பன் சாவுக்குக்கூட வராதவன்'னு. புரியுதுங்க. எனக்கும் அண்ணன் தம்பி இருக்குது.

ஆனா பயப்படாதீங்க. பஸ்சே இன்னும் வரல. வந்தாலும் டிரைவர் சோறு உண்டுட்டுத்தான் எடுப்பாப்டி. அதுக்குள்ள இது தொறந்துக்கும். சில சமயம் தன்னால தொறந்துக்கும். மனசு வெச்சா.

ஏ, ஞானராசு! கிட்ட வராத. கடப்பாரையைக் கொண்டு போய்க் கடையில வெய்யி. ஒன்னய யாரு கூப்புட்டா?

அவன் பஞ்சர் கடைக்காரனுங்க. எவனாச்சும் உள்ள மாட்டிக்கிட்டாப் போதும், டயரைக் கழட்டற கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு வந்துருவான். நெம்பித் தள்ளுனா நிமிசத்துல வந்துருமாமா. அரசாங்கச் சொத்துங்க இது! ஒரு கீறல் விழுந்தாலும் கேசு. அவனுக்கென்ன, நெம்பிப்போட்டுப் போயிருவான், பதில் சொல்றவன் நாந்தான.

நாஞ் சொல்றேன் தம்பி, மிசின் மேல ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் சனங்க மேலதான். இதைக் கொண்டாந்து எறக்குன அன்னைக்கு இந்த பஸ் ஸ்டேண்டே கூடி நின்னு பாத்துச்சு. சும்மா தகதகன்னு இருந்துச்சுங்க. காசு போட்டாக் கதவு தொறக்கும், உள்ள போனா லைட்டு எரியும், ஒரு பொண்ணு பேசும். மொத மொத அந்தப் பொண்ணு என்னமோ வடக்கத்திப் பாசையிலதான் பேசிக்கிட்டு இருந்துச்சு. தமிழ்ப் பேச்சு தனியா வரும்னாங்க, வரவே இல்லை. உள்ள போனவங்கெல்லாம் யாரோ திட்டறாங்கன்னு நெனைச்சு பாதியில எந்திரிச்சு ஓடியாந்தாங்க. நாந்தான் வெளிய நின்னுக்கிட்டு, 'பயப்படாதீங்க, தண்ணி ஊத்தச் சொல்லுது, அவ்வளவுதான்'னு எடுத்துச் சொல்லுவேன். அப்புறமேட்டுத் தமிழ் வந்துருச்சு. கேட்டிருப்பீங்களே, நீங்க உள்ள போனதும் 'கதவு பூட்டப்பட்டுள்ளது, நிம்மதியாக இருங்கள்'னு சொல்லியிருக்குமே. எவ்வளவு மரியாதையான பேச்சு பாருங்க. என்ற சம்சாரம்கூட என்னைய அப்படி இருக்கச் சொன்னதில்லை.

காசு விசயம் பாத்தீங்கன்னா, பழைய தடிச்ச அஞ்சு ரூவாக் காசைத்தான் ஏத்துக்கும். புதுசு போட்டாத் துப்பிரும். அந்தத் தடிச்ச காசு இப்ப ஆருகிட்ட இருக்குது? நாந்தான் சுருக்குப்பையில வெச்சிருக்கேன். உங்களுக்குங்கூட நாந்தான மாத்திக் குடுத்தேன். போட்ட காசையே ராத்திரி எடுத்து மறுபடி பையில போட்டுக்குவேன். அதே காசு, அதே பொட்டி, சுத்திக்கிட்டே இருக்குது. இது ஆளில்லாத கக்கூசாமா! நான் இல்லீன்னா இது ஒரு நாள் ஓடுமா, சொல்லுங்க.

கையை ஆட்டறீங்களா? ஆட்டுங்க. கை வலிச்சா மாத்திக்குங்க.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு, வெங்கடாசலம்னு. உள்ள போய்க் கம்முனு உக்காந்துட்டாரு. ஒரு வாத்தியார் கம்முனு உக்காருவார்னு மிசினுக்கு எப்படித் தெரியும்? ஆளில்லைன்னு நெனைச்சுக் கழுவிப்போட்டுது. சட்டை, வேட்டி, கண்ணாடி, மூக்குப்பொடி டப்பா, அத்தனையும். அவரு வெளிய வந்து கலெக்டருக்கு எழுதறேன்னு குதிச்சாரு. நான் கேட்டேன், 'ஏனுங்க ஐயா, நீங்க கையை ஆட்டியிருந்தா அது கழுவியிருக்குமா'ன்னு. வேட்டியைப் புழிஞ்சுக்கிட்டே பஸ் ஏறிப் போயிட்டாரு.

ஆமாங்க, மாட்டிக்கறது அப்பப்ப நடக்கறதுதான். முன்னெல்லாம் அது ஒரு பிரச்சினையே இல்லை. ஏன்னாக் கரண்டு போனாக் கதவு தன்னால தொறந்துக்கும். அப்படித்தான் அதைச் செஞ்சிருக்காங்க. நம்மூர்லதான் கரண்டு அடிக்கடி போகுமே, அதனால யாரும் நெம்ப நேரம் உள்ள இருந்ததில்லை. அவசரம்னா லைன்மேனுக்குப் போன் போட்டு, 'மாப்ள, சித்த பீசைப் புடுங்கு'ன்னா புடுங்கிருவாப்டி. மொத்த பஸ் ஸ்டேண்டும் இருட்டாயிரும். பேக்கரிக்காரங்க, ஜூஸ் கடைக்காரங்க எல்லாம் வாயில வந்ததைப் பேசுவாங்க. உள்ள இருக்கறவரு வெளிய வந்துருவாரு. ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிருவாரு. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் ஆரோ மனு குடுத்துட்டாங்க. கரண்டு போறப்பெல்லாம் கதவு தொறந்துக்குது, உள்ள இருக்கறவங்க மானம் போகுதுன்னு. அது நெசந்தானுங்க, ஒரு தடவை ஒரு போலீஸ்காரரு இருந்தப்பத் தொறந்துக்கிச்சு. அதுக்காக இப்பப் பேட்டரி வெச்சுட்டாங்க. கரண்டு போனாலும் கதவு அசையாது. பேட்டரி வெச்சதுக்குன்னு தனியா ஒரு விழா, ரிப்பன் வெட்டுனாங்க, எனக்கும் ஒரு லட்டு குடுத்தாங்க. இப்ப லைன்மேன் ஊர் பூராவும் பீசைப் புடுங்குனாலும் இது நிக்காம ஓடிக்கிட்டு இருக்கும். அவ்வளவு நல்ல பேட்டரிங்க.

இருங்க, புகார் நம்பருக்குப் போட்டுப் பாக்கறேன். போர்டுலயே இருக்குது. நான் போடலைன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. ரிங் போகுதுங்க. எடுத்துட்டாங்க. இதும் ஒரு பொண்ணுதான் பேசுது. நம்ம அழைப்பு அவங்களுக்கு நெம்ப முக்கியமாம். பாட்டுப் போட்டிருக்காங்க. பாட்டு நல்லாருக்குது. கட்டாயிருச்சு.

இந்த மிசினைச் செஞ்ச கம்பெனிக்காரங்களைத் தேடிக்கிட்டுக் கோயமுத்தூருக்கே போனேங்க ஒருக்கா, என்ற கைக்காசைப் போட்டு. அவங்க குடுத்திருந்த வெலாசத்துல இப்ப ஒரு பியூட்டி பார்லர் இருக்குது. உள்ள போயி, 'ஏனுங்க, கக்கூசுக் கம்பெனி இதுதானுங்களா'ன்னு கேட்டதுக்கு அந்தப் புள்ளைங்க அடிக்க வந்துட்டாங்க.

பொட்டியா? பாத்துட்டுத்தான் உள்ள போனீங்களா? கெட்டிக்காரர்தான். ஆமாங்க, கதவுக்குப் பக்கத்துல செவப்பாத் தொங்குதே, அது அவசர சாவிப் பொட்டி. அரக்கு வெச்சு, முத்திரை குத்தி, என்ற பொறுப்புல விட்டிருக்காங்க. அதை ஒடைக்கச் சொல்றீங்களா? தம்பி, எது வேணும்னாலும் கேளுங்க, அதை மட்டும் கேக்காதீங்க.

ஏன்னு சொல்றேன். அதா, வெளிய போற வழியில வேவிச்ச கடலை வித்துக்கிட்டு ஒரு பொம்பளை உக்காந்திருக்குது பாருங்க... நீங்க எங்க பாக்கறது. சரி, இருக்குதுன்னு வெச்சுக்குங்க. சரசான்னு பேரு. இந்த எடத்துல முன்னாடி சாதாரணக் கக்கூசு ஒண்ணு இருந்துச்சு, அதுக்குப் பொறுப்பா இருந்தவ. அதை இடிச்சுப்போட்டு இதைக் கொண்டாந்து வெச்சப்ப, இதுக்கும் அவளையே வெச்சாங்க. ஒரு நாள் மாசமா இருந்த பொண்ணு ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு. அழுகுது. மயக்கம் வருதுங்குது. லைன்மேன் போனை எடுக்கல. இவ என்ன பண்ணுனா, யாரையும் கேக்காமக் கல்லை எடுத்து முத்திரையை ஒடைச்சு, சாவியைப் போட்டுத் தொறந்துவிட்டுட்டா. அந்தப் பொண்ணு நல்லபடியா வெளிய வந்து ஒரு சோடா குடிச்சுட்டுப் போயிருச்சு.

மறுநாளே விசாரணை. அனுமதி இல்லாம முத்திரையை ஒடைச்சதுனால கம்பெனிக்காரங்க கேரண்டி செல்லாதுன்னுட்டாங்க. நகராட்சி இஞ்சினியரு வந்தாரு, படம் புடிச்சாரு, அந்தச் சாவியைச் சாட்சிப் பொருள்னு ஒரு கவருல போட்டு எடுத்துக்கிட்டுப் போனாரு. சரசாவை நிறுத்திட்டாங்க. விசாரணை இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்குது. அப்புறம் புதுசா அரக்கு வெச்சு முத்திரை குத்தி எங்கிட்ட ஒப்படைச்சாங்க. 'நாச்சிமுத்து, இந்த முத்திரை இருக்கற வரைக்கும் நீ இருப்பே'ன்னு இஞ்சினியரே எங்கிட்டச் சொன்னாரு. அன்னையில இருந்து தினமும் காலையில வந்ததும் மொத வேலை அந்தப் பொட்டியைத் தொடைச்சு வெக்கறதுதான். சரசாவுக்கு எரக்கம் ஜாஸ்தி, அதான் அவ கடலை விக்கறா. எனக்கு அந்தத் தப்பெல்லாம் வராது.

நாளும் கெழமையும் பாத்து இன்னைக்குன்னு மாட்டியிருக்கீங்க பாருங்க. இன்னைக்கு மேலிருந்து பெரிய அதிகாரி வராரு. இந்த மிசின் நல்லா ஓடுதா, சனங்க பயன்படுத்தறாங்களான்னு பாத்து எழுதிக்கிட்டுப் போறதுக்கு. நல்லா ஓடுதுன்னு எழுதிட்டார்னா இதுக்குன்னே ஒரு வேலையை உண்டாக்கி என்னைய நிரந்தரமாக்கறாங்களாமா. நிரந்தரம் தம்பி! மீசை மொளைச்ச காலத்துல இந்த நகராட்சியில மோட்டார் போடறதுக்குத் தற்காலிகமாச் சேந்தேன். மீசை நரைச்சும் தற்காலிகந்தான். கல்யாணம் பண்ணுனப்பத் தற்காலிகம், புள்ளைங்களைப் பெத்தப்பத் தற்காலிகம். என்ற கூடச் சேந்தவங்கெல்லாம் பென்சன் வாங்கிக்கிட்டு பேரனைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு இருக்காங்க. அடுத்த வருசம் எனக்கு வயசு முடியுது. இன்னைக்கு விட்டா எனக்கும் வேற பஸ் இல்லீங்க.

சொல்லுங்க இப்ப. அந்த முத்திரையை நான் ஒடைக்க முடியுமா?

நீங்க பேசாம இருக்கறதைப் பாத்தா ஒத்துக்கிட்ட மாதிரிதான் இருக்குது. நல்ல மனுசங்க நீங்க.

பஸ் வந்துருச்சு தம்பி. ஆமாங்க, வேலாங்காட்டுப்புதூருதான். பதறாதீங்க, பதறாதீங்க. டிரைவர் எறங்கிக் கையைக் கழுவறாப்டி. மெஸ்ஸுக்குப் போறாப்டி. நேரமிருக்குது. நெம்ப இல்லை, இருக்குது.

ஐயோ, ஜீப்பு! ஜீப்பும் வந்துருச்சுங்க. தம்பி, சாமி, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், சித்த நேரம் சத்தம் போடாதீங்க. அவங்க போனதும் நான் ஏதாச்சும் பண்றேன். கையை மட்டும் ஆட்டிக்கிட்டு இருங்க. தட்டாதீங்க. அட, தட்டாதீங்கன்னா!

போயிட்டாங்க தம்பி. இப்பப் பேசலாம்.

கோவிச்சுக்கிட்டீங்களா? நீங்க அந்தத் தட்டுத் தட்டியிருக்க வேண்டாம். பெரிய அதிகாரியே நின்னுட்டாரு. 'உள்ள என்ன சத்தம்?'னு எங்கிட்டத்தான் கேட்டாரு. எங்க வார்டு மெம்பரு ஒரு பக்கம் மொறைக்கறாரு, இஞ்சினியரு ஒரு பக்கம் மொறைக்கறாரு. நான் என்னத்தைச் சொல்றது? 'தானாக் கழுவிக்குதுங்க ஐயா, அந்தச் சத்தந்தான்'னு சொல்லிட்டேன். அவரும் காதை வெச்சுக் கேட்டுட்டு, 'நல்லா பலமாக் கழுவுது'ன்னு சந்தோசப்பட்டாரு.

வெளிய செவப்பு லைட்டு எரியுதில்லீங்களா, 'பயன்பாட்டில் உள்ளது'ன்னு? அதைப் பாத்துட்டு அவருக்கு நெம்பத் திருப்தி. சனங்க பயன்படுத்தறாங்கன்னு அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அந்த லைட்டை மட்டும் நாலு படம் புடிச்சாங்க. பயன்படுத்தறவரு வந்ததும் ஒரு வார்த்தை கருத்துக் கேட்டுட்டுப் போலாம்னு சித்த நேரம் நின்னுங்கூடப் பாத்தாங்க. நாந்தான், 'வயித்துக்கு முடியாதவராட்டம் இருக்குதுங்க, நேரமாகும்'னு சொல்லி அனுப்பி வெச்சேன். உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணும் சொல்லல.

அப்புறம் ஒரு விசயம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மாலை தம்பி. கையில மாலையோட நான் நின்னேனா, அந்த மெம்பரு அதை வரவேற்புக்குன்னு நெனைச்சுட்டாரு. 'பரவால்லையே நாச்சிமுத்து, ஏற்பாடெல்லாம் பண்ணி வெச்சிருக்கியே'ன்னு சொல்லிக் கையில இருந்து உருவிட்டாரு. இல்லீங்க, இது சாவு மாலைன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அந்தப் பெரியவரு கழுத்தை நீட்டிட்டாரு. போட்டுட்டாங்க. படமும் புடிச்சுட்டாங்க. கழுத்தை நீட்டுன மனுசங்கிட்டப் போயி அதை எப்படீங்க சொல்றது? அந்த மாலையோடவே ஜீப்புல ஏறிப் போயிட்டாரு.

ஆனா ஒண்ணு, போறப்ப என்ற தோள்ல தட்டி, 'ஆர்டர் வந்துரும்'னாரு. என்னைய அந்த மாதிரி யாரும் தட்டுனதில்லீங்க. மொத தடவை.

தம்பி?

ஏனுங்க தம்பி, பேசுங்க. திட்டறதுன்னாலும் திட்டுங்க. மத்தவங்கெல்லாம் அம்மா அக்கான்னு திட்டுவாங்க, நான் கேட்டுக்குவேன். கதவையாச்சும் தட்டுங்க. இப்பத் தட்டலாம், யாருமில்லை.

கையை ஆட்டுங்க தம்பி. ஆட்டறீங்களா? கதவிடுக்குல பாத்தா உள்ள லைட்டு அணைஞ்ச மாதிரி இருக்குதே. ஐயோ, தண்ணி அடிக்குதே! கையை ஆட்டுங்க, ஆள் இருக்குதுன்னு அதுக்குக் காட்டுங்க! எந்திரிங்க தம்பி! என்னங்க அது சத்தம்... அழுகறீங்களா?

அழுகாதீங்க சாமி. தண்ணி அடிக்கறப்ப அழுதா மூச்சுல ஏறிக்கும். இருங்க. இருங்க. டிரைவரு மெஸ்ஸுல இருந்து வெளிய வந்துட்டாப்டி. பல்லுக் குத்திக்கிட்டே பஸ்சுக்குப் போறாப்டி. அட என்ன கெரகம்டா இது எனக்கு!

கல்லு எங்க? இங்க ஒரு கல்லு கெடந்துச்சே.

ஒடைக்கறேன் தம்பி. கேக்குதா? முத்திரையை ஒடைக்கறேன். போனாப் போகுது. ஆர்டர் வந்துரும்னு சொன்ன வாய் ஜீப்புல ஏறி இன்னும் ரோட்டைத் தாண்டியிருக்காது, போனாப் போகட்டும். உங்கொப்பனுக்கு நீங்கதான் கொள்ளி வெக்கோணும். அரக்கு கெட்டியா இருக்குது, நல்லா வெச்சிருக்கான். இன்னொரு அடி. வந்துருச்சு. பொட்டி தொறந்துருச்சு தம்பி. சாவி...

தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லீங்க.

காலியா இருக்குது. கையை விட்டுத் துழாவிட்டேன். ஒரு செத்த பல்லி கெடக்குது. சாவி இல்லை. சாவி எங்க போகும்? அந்தச் சரசா ஒடைச்சப்ப இருந்துச்சே. இஞ்சினியரு கவருல போட்டு... விசாரணைக்குன்னு... அடப்பாவிகளா. சாவியை எடுத்துக்கிட்டுப் போயி வெறும் பொட்டிக்கு அரக்கு வெச்சுட்டுப் போயிருக்கானுங்க. வெறும் பொட்டியைத்தான் நான் தெனம் தெனம் தொடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனா? இதுக்காகவா உங்களை உள்ள வெச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் வெளிய நின்னு கதை அளந்தேன்?

ஞானராசு! டேய் ஞானராசு! கடப்பாரையை எடுத்துக்கிட்டு ஓடியா! ஆமாண்டா, நாந்தான் கூப்புடறேன், என்ன வாயைப் பாக்கறே!

சரசா! ஏ சரசா! அந்தப் புதூர் பஸ்ஸை நிறுத்து! இவரு சாவுக்குப் போறவரு, அப்பனுக்குக் கொள்ளி வெக்கற மூத்த மகன்! போறவன் வரவன் பேச்சையெல்லாம் கேக்காத, பஸ்சுக்கு முன்னாடி போயி நில்லு!

நிக்கறா தம்பி. கடலைக் கூடையை பஸ்சு முன்னாடி வெச்சுட்டு இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நிக்கறா. டிரைவர் ஹாரன் அடிக்கறான். அடிக்கட்டும். அவ நகர மாட்டா. எனக்கு அவளைத் தெரியும்.

நீங்க சுவத்தோரம் ஒட்டி நில்லுங்க. முகத்தை மூடிக்குங்க. குடுடா இங்க, நானே நெம்பறேன். என்ற கையாலதான் இது போகோணும். கீல்கிட்ட விடு. தள்ளு. இன்னொருக்கா தள்ளு. என்ன சொல்லுது அந்தப் பொண்ணு? நிம்மதியா இருக்கச் சொல்லுதா? சும்மா இரும்மா, உன் நிம்மதியை நாங்க பாத்துட்டோம். தள்ளுடா!

வந்துருச்சு. வாங்க, வாங்க, கையைப் புடிங்க. அடடா, தலையில இருந்து கால் வரைக்கும் நனைஞ்சு போயிட்டீங்களே. இந்தாங்க துண்டு, போற வழியில தொடைச்சுக்குங்க. திருப்பித் தர வேண்டாம். பேச வேண்டாம், என்னையப் பாக்கக்கூட வேண்டாம், ஓடுங்க. அதா, சரசா நிக்கற பஸ்சு. ஓடுங்க தம்பி! கண்டக்டரு, சித்த நில்லுப்பா, வந்துட்டாரு!

தம்பி! உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடுங்க! அந்த மாலையை நான் கீழ வெக்கவே இல்லீங்கன்னு!